பாட்டில்லாத இசைத்தட்டு

ஊசியை வைக்க வேண்டாம் என்று சொல்ல ஐயாத்துரை வாயெடுப்பதற்குள் கடைக்காரர் வைத்துவிட்டார்.

தட்டு சுழன்றது. முதலில் வெறும் இரைச்சல். பிறகு எங்கோ ஆழத்திலிருந்து மேளம் கேட்டது.

ஐயாத்துரையின் ஒன்பது வயது மகள் அருந்ததி கண்ணாடிப் பெட்டியின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கண்களை மூடினாள்.

அவளுக்குப் பள்ளிச் சட்டைத் துணி எடுக்கத்தான் கனகராயன்குளத்திலிருந்து வவுனியாவுக்கு வந்திருந்தார்கள். துணி எடுத்தாயிற்று. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இசைத்தட்டுக் கடையைக் கண்டதும் அவள் நேரே உள்ளே போய், அரக்கன் வருகிற படத்தின் சங்கீதம் இருக்கிறதா என்று தானே கேட்டுவிட்டாள்.

இல்லை என்று சொல்வார் என ஐயாத்துரை நம்பியிருந்தார்.

கடைக்காரர் அலுமாரியின் அடியில் துழாவி ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார்.

“மாயாஜாலப் படம், அண்ணை. அரக்கனும் வாறான். ஆனால் பாட்டு ஒண்டும் இல்லை, வாத்தியம் மட்டும்தான். அதாலை ஒருத்தரும் எடுக்கேல்லை.”

விமலேஸ்வரி கணவனைப் பார்த்தாள்.

நாலு வருடமாக மகள் அந்த அரக்கன் படத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மைத்துனர் விட்டுப்போன கிராமபோன் வீட்டில் சும்மா கிடக்கிறது, அந்தத் தட்டு மட்டும் இருந்தால் போதும் என்பாள். மாரியில் இடி இடித்தால், அந்தப் படம் மாதிரி இருக்கிறது என்பாள். அது பழைய படம், இப்போது எங்கும் வருவதில்லை என்று இருவரும் சொல்லிச் சமாளித்து வந்தார்கள்.

மேளம் நெருங்கி வந்தது. வயலின்கள் எல்லாம் ஒன்றாக அலறின.

ஐயாத்துரையும் காது கொடுத்துக் கேட்டார். மகள் தேடுகிற சத்தங்கள் வரவில்லை. கண்ணாடி உடையவில்லை. தகரம் அடிபடவில்லை. ஆட்கள் கூச்சல் போடவில்லை. இப்போது மகள் கண்ணைத் திறந்து, அதெல்லாம் எங்கே என்று கேட்கப்போகிறாள்.

கடைக்காரர் தட்டைப் புரட்டிப் போட்டார்.

“இஞ்சாருங்கோ, பஸ் வரப்போகுது,” என்றாள் விமலேஸ்வரி. “உது எங்களுக்கு வேண்டாம்.”

ஐயாத்துரையும் உடனே ஒத்துக்கொண்டார். பாட்டில்லாத தட்டை யார் வாங்குவார்கள், ஒரு தரம் போட்டால் அலுத்துவிடும் என்று ஏதோ சொன்னார்.

அருந்ததி கண்ணைத் திறக்காமலே ஒரு விரலைத் தூக்கி அவரைப் பொறுக்கச் சொன்னாள்.

நாலு வருடத்துக்கு முன், ஐம்பத்தெட்டு வைகாசியில் அவர்கள் தெற்கே ஒரு சிறிய பட்டினத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார்கள். கலவரம் அந்தத் தெருவுக்கு வந்த அன்று, பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் மூவரையும் தன் விறகு அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினாள்.

உள்ளே இருட்டு. வெளியே மேளமும் தகரமும், அவர்களைத் தேடும் கூச்சலும்.

ஐந்து வயதுப் பிள்ளை அழ வாய் திறந்தாள். ஐயாத்துரை அவளை இறுக்கி அணைத்து, பக்கத்தில் படம் ஓடுகிறது, அரக்கன் வருகிறான், அதுதான் இந்தச் சத்தம் என்று காதுக்குள் சொன்னார்.

கண்ணாடி நொறுங்கியபோது, அரக்கன் மாளிகையை உடைக்கிறான் என்றார். அவர்களுடைய கூரை எரிந்து வெடித்தபோது, இளவரசன் நெருப்பு அம்பு விடுகிறான் என்றார். சத்தம் அடங்கும்வரை விடாமல் கதை சொன்னார்.

பிள்ளை அழவே இல்லை. அதனால்தான் மூன்று பேரும் உயிரோடு வடக்கே வன்னிக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்தப் பட்டினத்தில் அன்று எந்தப் படமும் ஓடவில்லை.

அது படமில்லை என்று தெரிந்த அன்று, பிறகு அந்தச் சத்தமெல்லாம் என்ன என்று அவள் கேட்பாள். அந்தக் கேள்விக்கு என்ன சொல்வது என்று அவருக்கும் விமலேஸ்வரிக்கும் இன்றுவரை தெரியவில்லை.

தட்டு முடிந்து ஊசி வெறுமனே கரகரத்தது. கடைக்காரர் அதைத் தூக்கி வைத்தார்.



ஐயாத்துரை மகளுக்குப் பக்கத்தில் குனிந்தார். கேட்காமல் விட்டுவிடலாம் என்று தோன்றியது. ஆனாலும் கேட்டார்.

“இதுதானோ பிள்ளை, அந்தப் படம்?”

அருந்ததி தலையை ஆட்டினாள். இல்லை.

தாய் நின்ற பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு தகப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“இதிலை ஒருத்தரும் உங்கடை பேரைச் சொல்லிக் கூப்பிடேல்லை. இதை வாங்குவம், அப்பா.”

ஐயாத்துரையால் உடனே நிமிர முடியவில்லை. குனிந்தபடியே, தட்டைச் சுற்றித் தரும்படி கடைக்காரருக்குக் கையைக் காட்டினார்.