ஆர்டிஸ் வீட்டுப் பலகை

ஆர்டிஸின் ஓட்டுக்குச் சோளக் கிடங்கு முதலாளி டெல்மர் வைத்த விலை, அவளுடைய அந்த வருட அறுவடை.

“வாசல்ல நட்டிருக்கிற அந்தக் கட்சிப் பலகையப் பிடுங்கிடு ஆர்டிஸ். இல்லேன்னா உன் சோளத்த எடை போட மாட்டேன்.”

“போடாட்டிப் போய்யா. பலகை அங்கதான் இருக்கும்.”

ஊரின் மற்ற வாசல்களில் எல்லாம் டெல்மர் கட்சிப் பலகைதான்.

ஜனாதிபதித் தேர்தலில், யாரும் எதிர்பாராமல், அயோவா மாநிலத்தில் டெல்மரின் கட்சி தோற்றதாக மறுநாள் காலை ரேடியோ சொன்னது. டெல்மர் அசரவில்லை. வாக்குச்சாவடிக் கதவில் ஒட்டிய முடிவுத் தாளின் முன் ஊரே கூடியிருந்தது.

“மாநிலம் எப்படியோ போகட்டும். நம்ம ஊர்ல மாத்திப் போட்டவங்க சோளம் என் கிடங்குக்குள்ள வராது. எப்படியும் ஒரே ஓட்டுதான்,” என்றார்.

“ஒண்ணுதான். அது உங்களோடது,” என்றாள் அவர் மனைவி லவோன். “மிச்சத்தப் படிங்க.”

ஆர்டிஸும் எட்டிப் பார்த்தாள். அவள் கட்சிக்கு நாற்பத்தேழு. டெல்மர் கட்சிக்கு ஒன்று.