யார் பொட்டு?

"இன்னைக்கும் சிவப்புப் பொட்டுதான் சார்" என்றாள் சூப்பர்வைசர் வரலட்சுமி. சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது.

முதலாளி லோகநாதன் கூடையிலிருந்த சர்க்யூட் போர்டுகளைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றிரண்டு தவிர எல்லாவற்றின் முதுகிலும் சிவப்பு.

அம்பத்தூர் எஸ்டேட்டில், கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். செய்யும் சின்னக் கம்பெனி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சால்டரிங் புகை, ஒரே ஒரு ஃபேன். எந்தப் போர்டை யார் பற்றவைத்தது என்று தெரிய, பின்பக்கம் ஒரு கியூடெக்ஸ் நெயில் பாலிஷ் பொட்டு வைக்க வேண்டும். தாட்சாயிணிக்குச் சிவப்பு. சொர்ணத்துக்கு ரோஸ். முத்தம்மாளுக்கு மெரூன்.

டெஸ்டிங்கில் தேறாதது கூடைக்குப் போகும். சாயங்காலம் லோகநாதன் வந்து கேட்பார், "யார் பொட்டு?" பொட்டுக்காரி இருந்து சரிசெய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம்.

"ஆர்டரே கம்மியாயிட்டு வருது. ஒரு ஆளைக் குறைக்கத்தான் வேணும். யாரை அனுப்பலாம், நீயே சொல்லும்மா."

வரலட்சுமி யோசிக்கவே இல்லை. "தாட்சாயிணி சார்."

லோகநாதன் அப்படித்தான். போன வருஷம் இங்கே வேலை பார்த்த தாயம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். "பார்வை போன கையி சால்டரிங்குக்கு ஆவாது" என்று அந்த வாரமே அனுப்பிவிட்டார்.

சேதி தெரிந்ததும் முத்தம்மாள் சொன்னாள், "நல்லா ஓணும். மத்தியானம் நம்மகூட மரத்தடியில குந்தி ஒரு வாய் சாப்ட்ருப்பாளா? உள்ளயே தனியா குந்திக்கினு... இன்னா திமிரு!"

சொர்ணம் மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புருஷன் போனபின் இந்த வேலையை வைத்துத்தான் கொரட்டூரில் இரண்டு பிள்ளைகளை ஆளாக்கிக்கொண்டிருக்கிறாள். அவளுக்காக வெள்ளிக்கிழமை தவறாமல் திருவேற்காட்டிலிருந்து அம்மன் கோயில் திருநீறு மடித்துக் கொண்டுவருவாள் தாட்சாயிணி.

வரலட்சுமி தாட்சாயிணியைக் கூப்பிட்டுச் சொன்னாள். "எத்தினி தடவை சொன்னேன் உனக்கு? அந்தச் சொர்ணம் அக்காவைப் பாருடி. வயசுல உனக்கு அம்மா மாதிரி. கூடையில அது பொட்டு ஒண்ணாவது வருதா?"

தாட்சாயிணி தலைகுனிந்து நின்றாள். "வர்றதில்ல மேடம்."

"வெக்கமா இல்ல?"

"எனக்கு இன்னா மேடம்... கண்ணு நல்லாத்தான கீது. எங்கனா பொழச்சிக்குவேன்."

வேலையிலிருந்து நிறுத்தும்போதும் வாயைப் பார் என்று எரிச்சலாக வந்தது வரலட்சுமிக்கு.

டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு வாசல்வரை போன தாட்சாயிணி திரும்பி வந்தாள். "மேடம், என் சீட்டு ஜன்னலாண்ட கீது. வெளிச்சம் நல்லா வரும். அதை சொர்ணம் அக்காவுக்குக் குடுத்துருங்க."

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீ கெளம்பு."

மறுநாள் சொர்ணம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மத்தியானத்துக்குள் கூடையில் நான்கைந்து போர்டுகள். திருப்பினால் எல்லாம் ரோஸ்.

'பாவம், கூட இருந்த பொண்ணு போன வருத்தம்' என்று நினைத்துக்கொண்டாள் வரலட்சுமி.

சாப்பாட்டு பெல் அடித்தது. எல்லாரும் மரத்தடிக்குப் போனார்கள். நேற்றைய சிவப்புப் பொட்டுப் போர்டுகளைச் சரிசெய்ய இன்று ஆள் இல்லை. இதுவும் நம் தலையில்தானா என்று அலுப்போடு ஒன்றைக் கையில் எடுத்தாள் வரலட்சுமி. பழைய பொட்டைச் சுரண்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவது வழக்கம். நகத்தால் சுரண்டினாள்.

சிவப்பு உதிர்ந்தது. அடியில் ரோஸ்.

இன்னொன்றை எடுத்தாள். அதிலும் சிவப்புக்கு அடியில் ரோஸ். மூன்றாவதைச் சுரண்டக் கை வரவில்லை.

இத்தனை நாள் இந்தக் கூடை மத்தியானம் முழுக்க இங்கே இருந்தது. தாட்சாயிணியும் இங்கேதான் இருந்தாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு எல்லாவற்றையும் சரிசெய்ததும் அவள்தான்.

ஜன்னல் வழியே பார்த்தாள். மரத்தடியில் சொர்ணம், மீன் குழம்பில் முள் இருக்கிறதா என்று சோற்றை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'கண்ணு நல்லாத்தான கீது.'

முதலாளியிடம் போய்ச் சொன்னால் தாட்சாயிணி திரும்பி வந்துவிடுவாள். சொர்ணம் போய்விடுவாள்.

"தாயே, நான் என்ன செய்வேன்" என்று வாய்விட்டே சொன்னாள் வரலட்சுமி. பிறகு கூடையைத் தன் பக்கம் இழுத்து, சால்டரிங் அயர்னைச் சூடாகப் போட்டாள்.

"மேடம், சாப்பிட வரல?" வெளியிலிருந்து சொர்ணத்தின் குரல்.

"நீங்க சாப்பிடுங்கக்கா."

அன்றிலிருந்து வரலட்சுமி மத்தியானத்தில் மரத்தடிக்கு வருவதில்லை. சாயங்காலக் கூடையில் ரோஸ் பொட்டும் வருவதில்லை.

"சூப்பர்வைசர் இல்ல... நம்மகூட குந்தி சாப்ட்டா கௌரவம் கொறைஞ்சிடும்" என்றாள் முத்தம்மாள். ஆமாம் என்று தலையாட்டினாள் சொர்ணம்.