மாப்பிள்ளையின் குழல்கள்

கால்நடை விந்து வங்கியின் உறைபதனத் தொட்டியில் திரவ நைட்ரஜன் குறைந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. செத்துப்போன காளையின் விந்தை அடைத்து வைத்திருந்த மெல்லிய குழல்கள் உருகி, மறுபடி உறைந்திருந்தன. சோதித்துவிட்டுக் கொட்டிவிடும்படி ஆய்வகப் பெண்ணுக்கு உத்தரவு.

காளையைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த பராமரிப்பாளர் ஆய்வகக் கதவருகே வந்து நின்றார். அதை அவர் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். அதற்குக் கன்று ஒன்றுகூடப் பிறக்கவில்லை. இந்தக் குழல்கள்தான் மிச்சம்.

“என்னம்மா, ஏதாவது தேறுமா?”

“இருங்கண்ணே, இப்பதான் வெந்நீர்ல போட்டேன். உங்க மாப்பிள்ளை குளிச்சுட்டு வரட்டும்.”

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

ஆய்வகப் பெண் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தாள். பனிப்படிகங்கள் உயிரணுக்களைக் கிழித்திருந்தன. தலைகளின் மேலுறை உரிந்து, வால்கள் சுருண்டு கிடந்தன. எதுவும் அசையவில்லை. ஆனால் எல்லாத் தலைகளும் கதவுப் பக்கம் திரும்பியிருந்தன. நுண்ணோக்கி இடவலம் மாற்றிக் காட்டும். அதையும் கணக்கில் எடுத்துப் பார்த்தாள். கதவுதான்.

“ஒண்ணுகூட உசிரா இல்ல, அண்ணே.”

அவர் ஜன்னலோரம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் மறுபடி குனிந்து பார்த்தாள். இப்போது தலைகள் ஜன்னல் பக்கம் இருந்தன.

“அண்ணே, இங்க வந்து என் பக்கத்துல உக்காருங்க.”

“கொட்டலையா?”

“கொட்டலாம். என்ன அவசரம்?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடித் தகட்டில் அந்தச் சொட்டு காய்ந்தபோது, உயிரணுக்கள் எல்லாம் அவரை ஒட்டிய விளிம்பில் நெருக்கியடித்துக் கிடந்தன.