நின்றுபோன படம்

கேபிள்காரரின் கன்ட்ரோல் ரூமில் வரிசையாக ஏழெட்டு டிவிகள் ஓடிக்கொண்டிருந்தன. மூலையில் இருந்த சின்னப் பெட்டியில் மட்டும் படம் நின்றுபோயிருந்தது. போலீஸ் உடுப்பில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, திறந்த வாயை மூடாமல் நின்றாள்.

"அது சிக்னல் கோளாறு, தம்பி," என்றார் கேபிள்காரர். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் முகத்தின் மேல் போட்டு மூடினார். "நீங்க உக்காருங்க."

தம்பி உட்கார்ந்தான். எந்தப் பெட்டியில் என்ன ஓடுகிறது என்று கவனிக்கும் நிலையில் அவன் இல்லை. தன் மகள் கட்டிக்கொள்ள ஆசைப்படும் ஆள் இவன்தான் என்று தெரிந்து, தனியாகப் பேச வேண்டும் என்று அவர் அவனைக் கீழே அழைத்து வந்திருந்தார். மாடியில் மகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்பா சம்மதிக்காமல் கல்யாணம் இல்லை என்று அவள் அவனிடம் முன்பே சொல்லியாயிற்று. அவள் சொன்னால் சொன்னதுதான்.

இருவரும் வேலை பார்க்கும் ஊரிலிருந்து வரும் வழியெல்லாம் அவள் அவனுக்குப் பாடம் நடத்தியிருந்தாள். என்ன வேலை என்று கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிட்டு, அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இன்டர்நெட்டில் படமும் தொடரும் காட்டுகிற கம்பெனியில் அவன் வேலை பார்ப்பது மட்டும் வெளியே வரவே கூடாது.

"அந்தக் கம்பெனிங்க பேரைக் கேட்டாலே அப்பாவுக்கு ஆகாது. இப்பல்லாம் சாப்பிடக்கூட மாடிக்கு வர்றதில்லையாம். எந்நேரமும் கதவைச் சாத்திக்கிட்டு சிக்னல் ரிப்பேர் பண்றாராம். அம்மா புலம்பறாங்க," என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மகள் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. கேபிள்காரர் உட்கார்ந்ததும் அந்தக் கம்பெனிகளைத்தான் பிடித்துக்கொண்டார். முன்பெல்லாம் படம் அரை நிமிஷம் நின்றால் போதும், தெருவே போன் போட்டு அவரை வறுத்தெடுக்கும். இப்போது நாள் முழுக்க நின்றாலும் கேட்க நாதியில்லை. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாமல் போனதுதான் அவருக்குப் பெரிய குறை. மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி, தான் கட்டிய ஒயரைத் தானே சுருட்டிக்கொண்டு இறங்க வேண்டியிருக்கிறது என்றார். சொல்லும்போதே கண்ணைத் துடைக்கத் தோளில் துண்டைத் தேடினார்.

மனிதருக்கு ரோஷம் அதிகம். இணைப்பைத் துண்டிக்கச் சொன்ன எதிர்வீட்டு டீச்சரோடு பேச்சுவார்த்தை இல்லை. விருந்துக்கு வந்த சொந்த மச்சான் போனில் ஏதோ தொடர் பார்த்ததைக் கண்டுபிடித்து, அவரைப் பாதிச் சாப்பாட்டிலேயே கை கழுவ வைத்து அனுப்பியவர்.

"படத்தை வேணும்னா நிறுத்தி வச்சுக்கலாமாம், வேணும்னா ஓட்டிக்கலாமாம். அது என்ன படமா, குழாய்த் தண்ணியா? அந்தக் கம்பெனிக்காரன் ஒருத்தன் மட்டும் என் கையில மாட்டட்டும்."

கையில் மாட்டியிருந்தவன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

பிறகு விசாரணை ஆரம்பித்தது. குடும்பம், படிப்பு, கம்ப்யூட்டர் வேலை என்று படித்துக்கொண்டு வந்ததையெல்லாம் அவன் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தான். அவரை சார் என்பதா, மாமா என்பதா என்று புரியாமல் இரண்டையும் விழுங்கிவிட்டான். ஆனால் கேபிள் தொழிலில் இருப்பவர்கள் புது ஆள் யாரைப் பார்த்தாலும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பெற்ற மகளுக்கே அது ஞாபகம் இல்லாமல் போய்விட்டது.

"உங்க ஏரியாவுல கேபிள் யாரு?"

கேபிள் இல்லை என்றான். அப்படியானால் டிஷ்ஷா என்றார். அதுவும் இல்லை என்றான்.

"அப்ப வீட்டுல என்னதான் பாப்பீங்க?"

ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் கண்ணைத் துடைக்கத் துண்டைத் தேடிய மனிதரின் முகத்தைப் பார்த்த பிறகு அவனுக்கு வாய் வரவில்லை.

"உங்ககிட்ட மறைச்சுட்டுப் பொண்ணு கேக்க மனசு வரலைங்க. நான் வேலை பாக்கறதே அந்த மாதிரி ஒரு கம்பெனியிலதான்," என்றவன், கம்பெனியின் பெயரையும் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் மாடியில் நகம் கடித்துக்கொண்டிருப்பவளின் ஞாபகம் வந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டான்.

கேபிள்காரர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார். அவன் கல்யாணத்தை மறந்துவிட்டு, அந்த அறையில் ஜன்னல் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தான்.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டு மகள் படியிறங்கி ஓடி வந்து கதவைத் தட்டினாள். "அப்பா, உள்ள என்னப்பா பண்றீங்க?"

"சிக்னல் ரிப்பேரும்மா. நீ மேல போ," என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார் அவர்.

பிறகு மூலைக்குப் போய்த் துண்டை உருவினார். இன்ஸ்பெக்டர் இன்னும் வாயை மூடவில்லை. அவன் அப்போதுதான் அவளை நன்றாகப் பார்த்தான். அவன் கம்பெனி எடுத்த தொடர்தான். குண்டடி பட்டு அவள் சாயப்போகிற கடைசிக் காட்சி.

கேபிள்காரர் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கதவை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த பாகம் எப்ப வருது, மாப்பிள்ளை?"