டால்பின் பார்க்க வந்தவர்கள்

"பெல்ட்டை நல்லா இறுக்கிக் கட்டுங்க சார்" என்று சொல்லிக்கொண்டே ராஜவேலின் லைஃப் ஜாக்கெட்டைத் தன் கையாலேயே சரிசெய்தான் அந்தோணி. தன் போட்டில் ஏறிய யாரையும் அவன் இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டதில்லை.

ராஜவேலுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. அந்தோணிக்கோ, கோர்ட்டின் கடைசி வரிசையிலிருந்து இரண்டு வருடம் பார்த்துப் பார்த்து மனப்பாடமான முதுகு அது.

பிள்ளைச்சாவடி மீனவர் குப்பத்துக்கு எதிரே கடலில் வலை போட்டுக்கொண்டிருந்த அந்தோணியின் தம்பி மரிய அருண் மேல் ஏறி அவனைக் கொன்றது ராஜவேலின் ஸ்பீட் போட்டுதான். ஓட்டியது யார் என்று நிரூபிக்க முடியாததால் கேஸ் தள்ளுபடியானது.

நேற்று டால்பின் பார்க்கப் படகு வேண்டும் என்று ஒரு பெண் போன் செய்திருந்தாள். இன்று காலை அவள் கணவனோடு வந்து காரிலிருந்து இறங்கியபோதுதான், ஆள் யாரென்று அந்தோணிக்குத் தெரிந்தது.

முகத்துவாரத்தைத் தாண்டியதும் மூன்று டால்பின்கள் துள்ளின. "அதோ!" என்றாள் அவள். பெயர் தீபலட்சுமி.

"கத்தாத. எனக்கும் கண்ணு இருக்கு" என்று சீறினார் ராஜவேல். அவள் தன் மணிக்கட்டில் கன்றியிருந்த காயத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். பாவம் என்று நினைத்துக்கொண்டான் அந்தோணி.

மணல்திட்டின் ஓரத்தில் நங்கூரம் போட்டான். "எறங்கி நில்லுங்க சார். டால்பின் பக்கத்துலயே வரும்."

"எனக்கு நீச்சல் வராதுய்யா."

"கணுக்கால் தண்ணிதான் சார்."

ராஜவேல் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். "ஜாக்கெட்டக் கழட்டிடுங்க, போட்டோல நல்லாவே இருக்காது" என்றாள் அவள். அதைக் கழற்றி, படகுக்குள் வீசினார்.

அந்தோணி சத்தமில்லாமல் நங்கூரத்தைத் தூக்கினான். கூப்பிடு தூரம் தள்ளிப் போய் மறுபடியும் போட்டான். மீனவர்கள் கடலுக்குப் போகாத செவ்வாய்க்கிழமை என்பதால் வேறு படகு எதுவும் கண்ணில் படவில்லை.

"யோவ், எங்கய்யா போற?"

"பிள்ளைச்சாவடி மரிய அருண். பேரு ஞாபகம் இருக்கா சார்? நான் அவன் அண்ணன்."

ராஜவேலின் முகம் வெளிறியது. "அந்தக் கேஸ்தான் முடிஞ்சு போச்சே!"

"கோர்ட்டுல முடிஞ்சுது."

கடல் ஏறிக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் திட்டின் மேல் முழங்கால் அளவு தண்ணீர். ஒவ்வொரு அலையும் இடுப்பில் அடித்து, காலடி மணலை அரித்துக்கொண்டு போனது. ராஜவேல் அதட்டிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார், கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நான்தாம்பா ஓட்டுனேன்! தண்ணியில கெடந்து கையத் தூக்குனான். பாத்துட்டும் நிக்காமப் போயிட்டேன். என்னக் காப்பாத்துப்பா!"

இரண்டு வருடமாக அந்தோணி கேட்க ஏங்கிய வார்த்தைகள். கேட்டதும் நெஞ்சு குளிரும் என்று நினைத்திருந்தான். குளிரவில்லை. கையைத் தூக்கிய தம்பிதான் கண்ணுக்குள் வந்து நின்றான்.

இப்போது எதிரே ஒருவன் அதேபோல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். இங்கே, போட்டில் அவன் மனைவி. கத்தவில்லை, அழவில்லை, போனை மடியில் வைத்தபடி சிலைபோல் உட்கார்ந்திருந்தாள். பயத்தில் உறைந்துவிட்டாள் போலிருக்கிறது.

தம்பி மனைவி ஜோவிதாவை நினைத்துக்கொண்டான். சவப்பெட்டியை மூடிய அன்று அவளும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு பெண்ணை அப்படி உட்கார வைக்கவா நான் வந்தேன்? அவசரமாக நங்கூரக் கயிற்றை இழுத்தான்.

"பயப்படாதம்மா. உன் வீட்டுக்காரர ஒண்ணும் செய்ய மாட்டேன். தோ, போயி ஏத்திக்கறேன்" என்று இன்ஜின் கயிற்றில் கையை வைத்தான்.

அந்தக் கையை தீபலட்சுமி மெல்லப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்கள் மணல்திட்டைவிட்டு நகரவில்லை.

"இன்னும் கொஞ்சம் தண்ணி ஏறட்டும்ணே."