விரிப்பில் ஒரு சுருக்கம்

செவ்வந்தி மாமனாரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். விரிப்பில் அவர் உடம்புச் சூடு இன்னும் மிச்சமிருந்தது. அந்த இளஞ்சூட்டில் விரிப்பின் சுருக்கத்துக்கு மேகத்தில் மிதப்பது போலக் கண் சொக்கியது.

"அக்கா, இன்னிக்கு என்னை நீவிவிட வேண்டாம்னு அவகிட்டச் சொல்லேன். நான் யாரை என்ன செய்யறேன்? சும்மாதானே படுத்திருக்கேன்" என்றது.

"நீ சும்மா படுத்திருந்த இடத்தைக் கொஞ்சம் எட்டிப் பாருடி" என்றது தலையணை.

சுருக்கம் எட்டிப் பார்த்தது. மாமனாரின் முதுகில், தன்னைப் போலவே வளைந்து நெளிந்து, சிவப்பாய் ஒரு கோடு. பாவம், அவரால் புரளவும் முடியாது, வலிக்கிறதென்று வாய் திறக்கவும் முடியாது.

"அம்மா, பாப்பா எழுந்துட்டா" என்று கூடத்திலிருந்து மகள் கூப்பிட்டாள்.

செவ்வந்தி அவசரமாய் அவரை மல்லாத்தப் போனாள். முதுகு மெல்ல மெல்லக் கீழே இறங்கி வந்தது.

"இரு தாயே, என்னை நீவிவிட்டு அப்புறமா அவரை…" என்று சுருக்கம் கத்தி முடிப்பதற்குள் முதுகு அதன்மேல் அழுந்திவிட்டது.