மண்வெட்டி எழுதுகிறார்

“மண்வெட்டி எழுதுகிறார்” என்று கூடத்திலிருந்து சத்தமாகப் படித்தான் கோதண்டபாணி.

சமையலறையில் அவன் மனைவி கலைப்பிரியாவின் கட்டைவிரல் அப்படியே நின்றது.

விவசாயிகள் மன்றத்தின் புதுச் செயலி. விழுப்புரம் காலேஜில் படிக்கும் மகள் போன ஞாயிறுதான் இருவர் போனிலும் ஏற்றிக் கொடுத்தாள். ஒலக்கூரில் ஒரு கோடு சிக்னல் இருந்தாலும் திறந்துகொள்கிறது. பாதியில் விட்டதைப் பத்திரமாக வைத்திருக்கிறது. ஆனால் யார் பதில் எழுத ஆரம்பித்தாலும், கேட்டவருக்கு உடனே கோள் சொல்லிவிடுகிறது.

இரண்டு வருடமாக மன்றத்தில் அவள்தான் மண்வெட்டி. நாலாயிரம் பேர் அவளை ஐயா என்கிறார்கள். அந்த நாலாயிரத்தில் கோதண்டபாணியும் ஒருவன்.

நாளைக் காலை மல்லாட்டை பிடுங்க எட்டுப் பெண்கள் வருகிறார்கள். மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்பது அவன் கட்சி.

அவள் நேற்றே மூன்று ஏக்கர் கொல்லையில் நாலு செடி பிடுங்கி, கடலைக் காயை உடைத்துப் பார்த்தாள். பத்தில் மூன்றுக்குத்தான் முற்றிய அடையாளமாக ஓட்டின் உட்புறம் கறுத்திருந்தது. இப்போது பிடுங்கினால் மூன்று ஏக்கரும் சூம்பிய பருப்புதான்.

சொன்னாள்.

“உனக்கு இன்னா தெரியும்?” என்றவன், அதே கேள்வியை மன்றத்தில் போட்டுவிட்டுக் காத்திருக்கிறான்.

தன் குரலில் சொன்னால் ஏறாதது, வேறு பெயரில் சொன்னால் ஏறுகிறது. முதலில் அது அவளுக்குக் கோபமாக இருந்தது. பிறகு எப்படியோ ருசியாகிவிட்டது.

மறுபடி எழுதத் தொடங்கினாள்.

“பிரியா! சார்ஜர் எங்க?”

போய்ப் பார்த்தாள். அவன் மடியிலேயே இருந்தது.

திரும்பி வந்து விட்ட இடத்தில் பிடித்தாள்.

“பிரியா! என் கண்ணாடி?”

நெற்றியில் இருந்தது.

“எழுதிக்கினே இருக்காரு, திடீர்னு நிறுத்திடுறாரு. பேஜாரு புடிச்ச ஆப்பு” என்று அவளிடமே அலுத்துக்கொண்டான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

நாலாவது முறை எழுதி முடித்தாள். பிடுங்காதீங்க, இன்னும் பத்து நாள் போகட்டும், காய் முற்றவில்லை. அனுப்பினாள்.

கூடத்தில் அவன் போனில் பேசுவது கேட்டது. “சவுரியம்மா, நாளைக்கு ஆளுங்க வேணாம். பத்து நாள் கழிச்சு சொல்லி அனுப்புறேன்.”

மூன்று ஏக்கர் பிழைத்தது. கலைப்பிரியா சுவரில் சாய்ந்து, சத்தம் வராமல் சிரித்தாள்.

போன் அதிர்ந்தது. அவன் பதில் போட்டிருந்தான். இந்தச் செயலியில் தனியாகச் செய்தி அனுப்ப வழியில்லை. நாலாயிரம் பேருக்கும் தெரியும்படிதான் போட முடியும்.

“ரொம்ப நன்றிங்க ஐயா. ஆளுங்கள நிறுத்திட்டேன். அடுப்புல பால் பொங்குது, கொஞ்சம் பாருங்க.”

திரும்பினாள். பால் மேடையெல்லாம் வழிந்து தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் பதினோரு பேர் லைக் போட்டிருந்தார்கள்.